காலிப் பட்டியலுக்கு என்ன பொருள்: குழு உறுப்பினர் விவர ஏபிஐக்கு ஆவணம் எழுதிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் உள்ள ஒரு நடுத்தர மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டராக நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டேன். இதே மாதிரி ஒரு கருவி அநேகமாக எல்லா அலுவலகத்திலும் இருக்கிறது. அதனால் நடந்ததை முழுசாக எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும் என்று தோன்றியது.

கருவி சின்னதுதான். ஒருவரின் பணியாளர் எண்ணையோ, ஆபீஸ் மின்னஞ்சலையோ, பெயரையோ கொடுத்தால், அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், மேனேஜர் யார், எந்த ஷிஃப்ட், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று சொல்லும். குழுவின் பெயரைக் கொடுத்தால் அதில் இருப்பவர்களைப் பட்டியலிடும். முன்பெல்லாம் இதற்கு ஒரு எக்செல் ஷீட் இருந்தது. மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு அம்மா திங்கட்கிழமைதோறும் அதைப் புதுப்பித்து எல்லோருக்கும் மெயிலில் அனுப்புவார். அந்த ஷீட்டுக்குப் பதிலாக இரண்டு டெவலப்பர்கள் இந்த ஏபிஐயை, அதாவது மற்ற மென்பொருள்கள் கேள்வி கேட்டு விடை வாங்கும் வழியை, எழுதினார்கள். நன்றாகவே எழுதியிருந்தார்கள், வேகமாக விடை தந்தது, ஒரு நாளும் விழுந்ததில்லை.

ஆவணம் என்று இருந்தது, கோடில் எழுதிய குறிப்புகளிலிருந்து தானாக உருவான ஓபன்ஏபிஐ (ஏபிஐகளை விவரிக்கும் பொது வடிவம்) பக்கம். ‘டீம் ஐடி’ என்ற ஃபீல்டுக்கு விளக்கம் ‘டீமின் ஐடி’. ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஃபீல்டுக்கு ‘உறுப்பினரின் ஸ்டேட்டஸ்’. எல்லா ஃபீல்டுக்கும் நேராக ஏதோ ஒரு வரி இருந்ததால் பக்கம் நிறைவாகத் தெரிந்தது. விளக்கம் விடுபட்டிருந்தால் எச்சரிக்கும் கருவியும் எதுவும் சொல்லவில்லை. பிழைகளைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘உறுப்பினர் கிடைக்காவிட்டால் 404 வரும்.’ 404 என்பது ‘கேட்டது கிடைக்கவில்லை’ என்று சர்வர் தரும் எண். பின்னால் நடந்தது எல்லாம் இந்த வரியிலிருந்துதான் தொடங்கியது.

அந்த இரவு

ஒரு வியாழக்கிழமை பின்னிரவு, பில் போடும் சேவையின் டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பத் தொடங்கியது. கண்காணிப்புக் கருவி அதைச் சரியாகவே கண்டுபிடித்து, அலர்ட் அனுப்பும் ஸ்கிரிப்ட்டைத் தட்டி எழுப்பியது. அந்த ஸ்கிரிப்ட்டுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்தக் குழுவில் இன்றிரவு ஆன்-கால் யார், அதாவது அவசரம் என்றால் கூப்பிட வேண்டிய ஆள் யார்? உறுப்பினர் ஏபிஐயைக் கேட்டது. விடை 200. அதாவது, எல்லாம் சரி. உள்ளே ஒரு காலிப் பட்டியல்.

பட்டியலில் இருப்பவர்களை ஒவ்வொருவராக எடுத்து ஃபோன் செய்வதுதான் ஸ்கிரிப்ட்டின் வேலை. ஒருவரும் இல்லை, அதனால் யாருக்கும் ஃபோன் போகவில்லை. பிழை என்று லாகில் (கருவி தானாக எழுதும் பதிவில்) ஒரு வரிகூட விழவில்லை. வேலை வெற்றிகரமாக முடிந்ததாகவே பதிவாகியிருந்தது. விடியற்காலை ஷிஃப்ட்டுக்கு வந்த சப்போர்ட் பெண் ஒருவர், பில் வரவில்லை என்று வாடிக்கையாளர்கள் அனுப்பிய மெயில்களைப் பார்த்துவிட்டு, தன் ஃபோனிலேயே குழுத் தலைவரைக் கூப்பிட்டு எழுப்பினார். அந்தப் பெண் மெயில் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் சர்வர் மொத்தமாக நின்றிருக்கும்.

பட்டியல் ஏன் காலியானது? அன்றைய ஆன்-கால் ஆள் மூன்று நாளுக்கு முன்பு வேறு குழுவுக்கு மாறியிருந்தார். மனிதவளப் பதிவேட்டில் மாற்றம் ஏறிவிட்டது. ஆன்-கால் முறைப்பட்டியலில் பழையபடியே இருந்தது. ‘இந்தக் குழுவில் இருக்க வேண்டும், இன்று ஆன்-கால் ஆகவும் இருக்க வேண்டும்’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் யாருமே பொருந்தவில்லை.

ஸ்கிரிப்ட் எழுதியவர் மேல் முதலில் எல்லோருக்கும் கோபம். ஆனால் அவருடைய கோடைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. 404 வந்தால் உடனே குழுத் தலைவருக்கு ஃபோன் செய்யும்படி ஒழுங்காக எழுதியிருந்தார். ஆவணத்தைப் படித்துத்தான் எழுதியிருந்தார். பணியாளர் எண் கொடுத்து ஒருவரைத் தேடினால் 404 வரும் என்பது உண்மை. நிபந்தனை கொடுத்துப் பலரைத் தேடினால் 404 ஒருநாளும் வராது. காலிப் பட்டியலோடு 200தான் வரும். பொதுவில் எழுதியிருந்த அந்த ஒரு வரி, ஒரு பாதைக்கு மட்டுமே பொருந்தும் உண்மை.

கவனித்தவை

‘டாக்குமென்டைக் கொஞ்சம் சரி பண்ணிடுங்க’ என்று என்னிடம் வந்தது. இரண்டு நாள் வேலை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்று வாரம் ஆனது.

கோடைப் படிப்பதற்கு முன்னால், ஒரு புது ஆள் மாதிரி உட்கார்ந்து, டோக்கன் (உள்ளே நுழைய அனுமதிச் சாவி) வாங்கி, ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் என்ன கேட்டேன், எதிர்ப்பக்கம் என்ன வந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். விடை வந்த இடங்களில் பெரிய சிக்கல் இல்லை. விடை வராத இடங்களில்தான் நோட்டு நிறைந்தது.

ஒருவரின் விவரத்தில் மேனேஜர் ஃபீல்டு சில நேரம் ‘நல்’ (null, மதிப்பே இல்லை என்ற குறி) மதிப்போடு வந்தது, சில நேரம் வெற்றுச் சரமாக (ஒரு எழுத்தும் இல்லாத உரையாக) வந்தது, சில நேரம் அந்த ஃபீல்டே இல்லை. மூன்றும் ஒன்றுதானே என்று தோன்றும். விசாரித்தால் மூன்றுக்கும் மூன்று கதை. ‘நல்’ என்றால் அவருக்கு மேலே யாரும் இல்லை. வெற்றுச் சரம் என்றால் பழைய எக்செல் ஷீட்டிலிருந்து கொண்டுவந்தபோது அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஃபீல்டே இல்லை என்றால் கேட்பவருக்கு அதைப் பார்க்கப் பர்மிஷன் இல்லை. ஓபன்ஏபிஐ 3.0இல் ஒரு ஃபீல்டு ‘நல்’ ஆகலாம் என்று குறிக்க வழி உண்டு. எங்கள் கருவி அந்தக் குறியை எல்லா ஃபீல்டுக்கும் போட்டுவிட்டிருந்தது. எல்லாவற்றிலும் இருக்கும் குறி எதையும் சொல்வதில்லை.

404இலும் இதே கதை. அப்படி ஒரு எண்ணே இல்லை என்றாலும் 404. ஆள் வேலையை விட்டுப் போய், விவரம் நீக்கப்பட்டிருந்தாலும் 404. ஆள் இருக்கிறார், உங்களுக்குப் பார்க்க அனுமதி இல்லை என்றாலும் 404. லேப்டாப்களைத் திரும்ப வாங்கும் பிரிவு எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், 404 வந்தவர்களை எல்லாம் ‘வேலையை விட்டவர்’ என்று குறித்துக்கொண்டிருந்தது. அப்படிக் குறிக்கப்பட்டவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார். வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவருக்கு ‘உங்கள் லேப்டாப்பை ஒப்படைக்கவும்’ என்று மெயில் போயிருக்கிறது. நீண்ட விடுப்பில் இருப்பவர்களின் விவரத்தை மனிதவளப் பிரிவைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாதபடி வைத்திருந்ததுதான் காரணம். இந்த மெயில் வந்ததை அந்தப் பெண் என்னிடம் ஃபோனில் சொன்னபோது குரலில் இருந்த பதற்றத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

பட்டியலில் இன்னொரு மௌனம் இருந்தது. குழுவின் பெயரைக் கொடுத்தால் 25 பேர் வரை மட்டுமே வருவார்கள். மீதி அடுத்த பக்கத்தில். இது எங்கேயும் எழுதப்படவில்லை. 31 பேர் உள்ள ஒரு குழுவின் மேனேஜர், ஷிஃப்ட் அட்டவணையில் ஆறு பேர் தொடர்ந்து விடுபடுவதாகப் பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டியல் ஆங்கில எழுத்து வரிசையில் வருவதால் விடுபட்டவர்கள் எல்லோரும் வெங்கடேசன், விஜயா, வித்யா வகையறா. நம் ஊர் ஆபீஸில் கடைசி எழுத்துகளில் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

பெயரைக் கொண்டு தேடுவது தனிக் காடு. நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். மனிதவளப் படிவமோ ‘லாஸ்ட் நேம்’ இல்லாமல் நகராது. அதனால் சிலர் இனிஷியலைப் போட்டார்கள், சிலர் அப்பா பெயரை முழுசாகப் போட்டார்கள், சிலர் தங்கள் பெயரையே இன்னொரு முறை போட்டார்கள், நிறையப் பேர் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். லாஸ்ட் நேமை வைத்துத் தேடலாம் என்று ஆவணம் சொன்னது. ஒரு புள்ளியைக் கொடுத்துத் தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்துக்கான 25 பேரும் வந்தார்கள்.

பெயரைத் தமிழில் பதிவதற்கும் ஒரு ஃபீல்டு உண்டு. ‘கோமதி’ என்று தேடினால் ஒரு கோமதி வந்தார், இன்னொரு கோமதி வரவில்லை. திரையில் இரண்டு பெயரும் ஒன்றேபோல் தெரிந்தன. ஒன்றில் ஓகாரக்குறி ஒரே குறியாக (ோ) பதிவாகியிருந்தது. மற்றதில் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகப் பதிவாகியிருந்தன. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். என்எஃப்சி எனப்படும் அந்த இயல்பாக்கத்தை எங்கள் கருவி செய்யவில்லை.

இவற்றைவிட என்னை உலுக்கியது பக்கத்தில் இருந்த மாதிரி விடை. யாரோ அவசரத்தில் உண்மையான ரெஸ்பான்ஸ் ஒன்றை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அதில் இருந்தது ஒரு சக பணியாளரின் சொந்த மொபைல் எண். புதிதாக வருபவர்கள் எல்லோரும் அந்த மாதிரியைக் காப்பி செய்துதான் எஸ்எம்எஸ் சோதனை செய்வார்கள். ‘மாசத்துக்கு நாலஞ்சு டெஸ்ட் மெசேஜ் வரும், ஏன்னு தெரியல’ என்றார் அவர். அன்று மதியமே அந்த எண்ணை எடுத்துவிட்டோம். எதற்கும் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திராமல் நான் செய்த ஒரே மாற்றம் அது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கருத்து வேறுபாடு ஏபிஐ எழுதிய தம்பியோடு. நோட்டைக் காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது. “அக்கா, இதெல்லாம் பக். நான் கோடை மாத்திடுறேன், அப்புறம் நீங்க எழுதுங்க” என்றார்.

“எப்போ மாத்துவீங்க?”

“அடுத்த ஸ்பிரிண்ட்ல.”

“அதுவரைக்கும் ராத்திரி இதைக் கேக்குற ஸ்கிரிப்ட் என்ன பண்ணும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், இன்று கருவி எப்படி நடந்துகொள்கிறதோ அதை முதலில் அப்படியே எழுதுவது, மாற்றம் வரும்போது தேதி போட்டு ஆவணத்தை மாற்றுவது என்று முடிவானது. இந்த ஏபிஐயை யார் யார் அழைக்கிறார்கள் என்று லாகில் எண்ணிப் பார்த்தால் பதினொரு கருவிகள் இருந்தன. சிலவற்றை எழுதியவர்கள் இப்போது ஆபீஸிலேயே இல்லை. நடத்தையைச் சொல்லாமல் மாற்றினால் அவற்றில் எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் பக்கத்தின் மேலேயே, ஃபீல்டு பட்டியலுக்கும் முன்னால், ‘விடை வராதபோது’ என்று ஒரு பகுதி வைத்தேன். காலிப் பட்டியல் எப்போது வரும், 404 எப்போது, ‘நல்’ எப்போது, ஃபீல்டே இல்லாமல் போவது எப்போது, ஒவ்வொன்றிலும் அழைப்பவர் என்ன செய்ய வேண்டும், எந்த முடிவுக்கு வரக்கூடாது. அதில் நான் அதிகம் திருத்தி எழுதிய வரி இது: ‘404 என்பது இந்த விவரம் இல்லை அல்லது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று மட்டுமே பொருள்படும். ஆள் வேலையை விட்டுவிட்டார் என்று இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதற்கு ஸ்டேட்டஸ் ஃபீல்டைப் பாருங்கள்.’

அனுமதி இல்லாதவருக்கு 404 காட்டுவதையே மாற்றி 403 தரலாமே என்று நான் கேட்டேன். பாதுகாப்புப் பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை. 403 என்றால் ‘இருக்கிறார், ஆனால் காட்டமாட்டேன்’ என்று சொல்வதாகிவிடும். எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். இணையத்தில் கேள்வியும் விடையும் போய்வரும் விதிமுறையான ஹெச்டிடிபியின் 2022ஆம் ஆண்டு வரையறையும், இருப்பதையே மறைக்க விரும்பினால் 404 தரலாம் என்கிறது. அவர்கள் சொன்னது நியாயம். கருவியை அப்படியே விட்டுவிட்டு, பொருளை ஆவணத்தில் தெளிவாக்கினோம்.

ஃபீல்டுகளுக்கு விளக்கம் எழுத எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது, எப்போது மாறும், அழைப்பவருக்கு இது எதற்கு. மூன்றாவது கேள்விதான் எதிர்பாராத வேலையைச் செய்தது. பிறந்த தேதி ஃபீல்டுக்கு வந்தபோது என்னால் எழுத முடியவில்லை. யாருக்குத் தேவை என்று கேட்டுக்கொண்டு போனால், சாட்டில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் ஒரு பாட் மட்டும் அதைப் பயன்படுத்தியது. அதற்கு நாளும் மாதமும் போதும், வருடம் எதற்கு? வருடத்தோடு அது எல்லா ரெஸ்பான்ஸிலும், எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. 2023இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிச் சட்டப் பிரிவுக்கு ஒரு மெயில் எழுதினேன். இரண்டே நாளில் அந்த ஃபீல்டு நீங்கியது. சொந்த மொபைல் எண்ணும் பொது விடையிலிருந்து போய், ஆன்-கால் கருவிக்கு மட்டும் என்று ஆனது.

மாதிரிகளை முழுக்கக் கற்பனை ஆட்களை வைத்து எழுதினேன். மின்னஞ்சலுக்கு எக்ஸாம்பிள் டாட் காம். ஆவணங்களில் பயன்படுத்தவென்றே 1999இல் ஒதுக்கி வைத்த பெயர் அது. அந்த முகவரியில் நிஜமான ஆள் யாரும் இருக்க மாட்டார். மொபைல் எண்களுக்குச் சுழியத்தில் தொடங்கும் பத்து இலக்கம் போட்டேன். நம் நாட்டு மொபைல் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும் என்பதால், யார் காப்பி செய்தாலும் யாருக்கும் மெசேஜ் போகாது.

மாடல் படிக்கும் ஆவணம்

இடையில் இன்னொரு வாசகர் வந்து சேர்ந்தார். ஆபீஸ் சாட் உதவியாளரை இந்த ஏபிஐயோடு இணைக்க ஒரு குழு முயன்றுகொண்டிருந்தது. ஏஐ மாடலை வெளிக் கருவிகளோடு இணைக்க, ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீட்டுக்கான வரையறை உண்டு. எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று மாடல் முடிவு செய்வது இவற்றைப் படித்துத்தான். எங்கள் கருவிக்கு இருந்த விளக்கம்: ‘குழு உறுப்பினர் விவரங்களைத் தரும்.’

சோதனையில், ‘கார்த்திக்கின் மேனேஜர் யார்?’ என்று ஒருவர் கேட்டார். ஆபீஸில் கார்த்திக்குகள் பலர். உதவியாளர் முதலில் வந்த கார்த்திக்கை எடுத்துக்கொண்டு, சந்தேகமே இல்லாமல் ஒரு பெயரைச் சொன்னது. தவறான பெயர்.

விளக்கத்தை இப்படி மாற்றினோம்: ‘தற்போது வேலையில் உள்ள ஒருவரின் குழு, மேனேஜர், ஷிஃப்ட் விவரங்களைத் தரும். மின்னஞ்சலோ பணியாளர் எண்ணோ தெரிந்தால் அதையே கொடுக்கவும். வேறு வழி இல்லாதபோது மட்டும் பெயரைக் கொடுக்கவும். ஒன்றுக்கு மேற்பட்டவர் வந்தால் யாரையும் தேர்ந்தெடுக்காமல், குழுப் பெயர்களைக் காட்டி, யார் என்று கேட்கவும். காலியாக வந்தால் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். விவரம் கிடைக்கவில்லை என்று சொல்லவும். சம்பளம், விடுப்பு இருப்பு இதில் கிடையாது.’ அடுத்த சோதனையில் உதவியாளர், எந்தக் குழுவில் இருக்கும் கார்த்திக் என்று திருப்பிக் கேட்டது. மனிதர்களுக்கு எழுதிய ‘விடை வராதபோது’ பகுதியில் இருந்த அதே விஷயங்கள்தான் இங்கேயும் தேவைப்பட்டன. எழுதுவது சுலபமாக இருந்தது.

பின்னர் நடந்தவை

அலர்ட் ஸ்கிரிப்ட் அதே வாரம் மாறியது: காலிப் பட்டியல் வந்தால் குழுத் தலைவருக்கு ஃபோன் போகும். இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஆள் மாற்றத்தின்போது இதே நிலை வந்தது. இந்த முறை ஃபோன் அடித்தது. லேப்டாப் பிரிவின் ஸ்கிரிப்ட்டும் ஸ்டேட்டஸ் ஃபீல்டைப் பார்க்கும்படி மாறியது. அந்தப் பிரிவின் தலைவர், விடுப்பில் இருந்த அந்தப் பெண்ணை நேரில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தமிழ்ப் பெயர்த் தேடலில் இயல்பாக்கம் சேர்ந்தது; இரண்டு கோமதிகளும் இப்போது வருகிறார்கள்.

ஒன்று சறுக்கியது. ஆறாவது வாரம், யாரோ ஒரு டெவலப்பர் பட்டியலின் வரம்பை 25இலிருந்து 50 ஆக்கினார். நல்ல மாற்றம். ஆனால் ஆவணம் 25 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பிப் பக்கம் பிரித்த ஒரு கருவி, சிலரை இரண்டு முறை எண்ணியது. நான் கவனமாக எழுதிய பக்கமே ஒருவரைத் தவறான வழியில் அனுப்பியது வேதனையாக இருந்தது. அதன் பிறகு ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு மாதிரி ரிக்வெஸ்ட்டும் ஸ்டேஜிங் சர்வரில் (வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் சர்வரில்) ஒவ்வொரு இரவும் ஓடுகிறது. வரும் விடையும் எழுதியிருக்கும் விடையும் பொருந்தாவிட்டால் பில்டு (புதிய பதிப்பை உருவாக்கும் வேலை) நின்றுவிடும். கற்பனை ஆட்களை ஸ்டேஜிங் டேட்டாபேஸில் குடியேற்ற வேண்டியிருந்தது. அது ஒரு நாள் வேலை.

மறுபடி செய்தால்

முதல் ஒரு வாரத்தை ஏபிஐயை எழுதியவர்களோடு செலவழித்தேன். அதை அழைப்பவர்களிடம் முதலில் போயிருக்க வேண்டும். விடுபட்ட ஆறு பேரைப் பற்றிய புகார் அந்த மேனேஜரிடம் பல வாரமாக இருந்தது. நானாகப் போய்க் கேட்கும்வரை அது என்னிடம் வரவில்லை. லாகில் பதினொரு கருவிகள் இருப்பதை முதல் நாளே எண்ணியிருக்கலாம். இரவுச் சோதனையை முதல் பதிப்போடு சேர்த்தே வைத்திருப்பேன். இரண்டு நாள் என்ற கணக்கை ஏற்றுக்கொண்டதும் தவறு. நோட்டின் முதல் நான்கு பக்கத்தைக் காட்டி அன்றைக்கே நேரம் கேட்டிருக்க வேண்டும்.

லாஸ்ட் நேம் பிரச்சினை மட்டும் தீரவில்லை. படிவம் வெளியிலிருந்து வாங்கிய மென்பொருளில் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் கட்டாயமில்லாததாக மாற்ற எங்களால் முடியவில்லை. ஆவணத்தில் இப்போது இருக்கும் வரி: ‘பெயரைத் திரையில் காட்ட டிஸ்ப்ளே நேம் ஃபீல்டை மட்டும் பயன்படுத்துங்கள். ஃபர்ஸ்ட் நேமையும் லாஸ்ட் நேமையும் ஒட்டிப் பெயர் உருவாக்காதீர்கள்.’ அழைக்கும் கருவிகளில் பத்து அப்படி மாறிவிட்டன. விடுப்பு எடுக்கும் ஆப் இன்னும் மாறவில்லை. அதில் பலருடைய பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி இன்றும் நிற்கிறது, அதற்கான டிக்கெட் திறந்தே இருக்கிறது.